மாடிக்கு ஏறிய தண்ணீர்

பாகீரதி கோபித்துக்கொண்டு போகவில்லை. அதுதான் அனந்தகிருஷ்ணனை வாட்டியது. கோபமென்றால் கெஞ்சிக் கூத்தாடியாவது சமாதானம் செய்யலாம். காளிகாட் வீட்டில் கிணறு கீழே, சமையல் மாடியில். படி திரும்புகிற இடத்தில் இடுப்புக் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். வயிற்றில் இருந்ததும் போயிற்று. உடம்பு தேறியதும், "மாடிக்குத் தண்ணி வரட்டும், வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாயவரம் போய்விட்டாள்.

அவர் சணல் கம்பெனி ஒன்றில் கணக்கர். ஆபீசில் இங்கிலீஷ், கடையில் அரைகுறை வங்காளி. தமிழ் பேச வேண்டுமென்றால் சுவரோடுதான் பேச வேண்டும். பேசியும் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ரசம் நன்னா இருக்கு" என்று தானே சொன்னது தன் காதில் விழுந்ததும் இலையை மடித்துவிட்டு எழுந்துகொண்டார். அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

மறுவாரமே கிடர்பூருக்குப் போய், பழைய கப்பல் சாமான் விற்கிற கடையில் மூடிபோட்ட இரும்புத் தொட்டி ஒன்றை வாங்கிவந்து கிணற்றடியில் நிறுத்தினார். கைப்பம்பை அடித்தால் கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்குள் ஏறும். உள்ளே இருக்கும் காற்று நெருக்குண்டு, அந்தத் தண்ணீரை மாடிக் குழாய்க்குத் தள்ளும். காற்றின் அழுத்தத்தைக் காட்ட ஒரு முள். பொருத்திக் கொடுத்த ஃபிட்டர் படித்துப் படித்துச் சொன்னான்: "தண்ணீர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், பாபு. அவ்வப்போது தொட்டியை ஒட்டக் காலி பண்ணிவிட்டு, காலித் தொட்டியில் முள் பத்து ராத்தல் காட்டும்வரை சைக்கிள் பம்பால் காற்று அடியுங்கள். அப்புறம்தான் தண்ணீர்."

அனந்தகிருஷ்ணன் தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி. பம்பு அடித்தால் முள் முப்பதில் போய் நிற்கிறது. நிறைந்த தொட்டியைக் கொட்டிக் கவிழ்ப்பானேன்? அவர் குளியல் கிணற்றடியில். சமையலுக்கு ஒற்றை ஆளுக்கு ஒரு குடம் தாராளம். போகப்போக நாலு அடியிலேயே முள் எகிறியது. "பம்பு நன்றாகப் பழகிவிட்டது" என்று மெச்சிக்கொண்டார் மனுஷர். உள்ளே காற்று தீர்ந்து, கழுத்து மட்டும் தண்ணீர் நிற்பதால்தான் முள் அப்படித் துள்ளுகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது குடம் பிடிக்க அந்த வீட்டில் ஆள் இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

தண்ணீர் வந்துவிட்டதென்று ஊருக்கு எழுதிப் போட்டார். பாகீரதியின் தம்பி சுந்தரேசன் தாயாரைக் காசிக்கு அழைத்துப் போகிற வழியில், அக்காவை இங்கே விட்டுப் போவதாக ஏற்பாடு.

வந்த மறுநாள் காலை பாகீரதி மாடிக் குழாயைத் திறந்தாள். "ஏன்னா, நெஜமாவே வரதே!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் பத்துத் தொட்டி வாங்கியிருப்பார். முதல் குடம் நிறைந்தது. இரண்டாவது குடம் பாதியில் குழாய் புஸ்ஸென்று ஓய்ந்தது.

அவர் கீழே ஓடி அடித்தார். முள் முப்பதைக் காட்டியது. மேலே அரைக்குடம் வந்து நின்றது. மறுபடி ஓடினார். மறுபடி அரைக்குடம்.

"போறும் அத்திம்பேர், மூச்சு வாங்கறது உங்களுக்கு" என்றான் சுந்தரேசன்.

தாயார் மாடியிலேயே குளிக்கக் காத்திருந்தாள். பாகீரதி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு இறங்கினாள். மொண்டுகொண்டு ஏறியவள், படி திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டாள். குடத்தை அங்கேயே வைத்தாள்.

"என்னால முடியலைன்னா. அம்மாவோட காசிக்குப் போயிட்டு, அப்படியே ஊருக்குப் போயிடறேன்."

எதை நம்பி இருக்கச் சொல்வது?

அவர்களை ரயிலேற்றிவிட்டுத் திரும்புகிற வழியில்தான் ஃபிட்டர் சொன்னது உறைத்தது. வந்ததும் வராததுமாகத் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டார். முற்றமெல்லாம் ஓடி வடிந்தது. முள் பொத்தென்று கீழே போய்ப் படுத்தது. அடிக்குழாயை மூடி, கை ஓயும்வரை சைக்கிள் பம்பால் காற்றடித்து, பத்து ராத்தலில் நிறுத்தி, பிறகு தண்ணீர் ஏற்றினார். இந்தத் தடவை முள் எளிதில் எழும்பவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். ஒரு குடம், இரண்டு குடம், மூன்று குடம் நிறைந்தும் தண்ணீர் நிற்கவில்லை. நாலாவது குடம் நிறையும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு குடம் போதும் அவருக்கு. மற்றதைக் கொட்ட மனம் வராமல், கீழ்வீட்டு வங்காளி அம்மாளுக்காவது உதவட்டும் என்று ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். கனம் ஒரு பக்கமாக இழுத்தது. திரும்புகிற இடத்தில் படி குறுகிக் கால் வைக்க இடமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, அவர் அந்தப் படியில் குடம் தூக்கியது அதுதான் முதல் தடவை. கிடர்பூர் வரைக்கும் போய்த் தொட்டி தேடத் தோன்றிய மனுஷருக்கு, "கொடு, நான் தூக்கறேன்" என்று ஒரு நாள் சொல்லத் தோன்றவில்லை.

பாகீரதி வைத்துவிட்டுப் போன குடம் அந்தப் படியிலேயே இருந்தது. தளும்பாமல் அதைச் சுற்றிக் காலெடுத்து வைத்து இறங்கினார்.