முகத்தைக் காட்டச் சொன்ன டீச்சர்

லூர்துமேரி டீச்சர் காலமான செய்தி போனில்தான் வந்தது. மருமகள் கோமதி வேலைக்குக் கிளம்பிய அவசரத்தில் தன் போனைக் கட்டிலிலேயே விட்டுப் போயிருந்தாள். அவளுடைய நர்சிங் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நானாகவே படித்த முதல் மரணச் செய்தி அது. தப்பாகப் படித்திருப்பேன் என்று மறுபடியும் படித்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன்.

அவரிடம் ஆன்லைனில் நர்சிங் படித்த பிள்ளைகளே, உங்களுக்கு என் பெயர் தெரியாது, முகம் தெரியும். திருமுல்லைவாயில் வீட்டில், கோமதியின் பயிற்சிக்காக நோயாளியாகப் படுத்துக் கிடந்த கிழவன் நான்தான். பெயர் ஏகாம்பரம். மெதுவாகத்தான் எழுதுகிறேன். எழுதுவது எனக்கு இன்னும் புதுச் சட்டை போட்டுக்கொள்வது மாதிரி இருக்கிறது.

கோமதி நர்சிங் முடித்தவள். பிள்ளை பிறந்த பிறகு பல வருடம் வேலையை விட்டிருந்தாள். பழைய பாடத்தைப் புதுப்பிக்கும் வகுப்பில் தேறி வந்தால் சேர்த்துக்கொள்வதாக அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி சொன்னது. அந்த வகுப்பைத்தான் டீச்சர் திருவேற்காட்டில் தன் வீட்டிலிருந்தே நடத்தினார். பாடத்தோடு சேர்ந்து ஷேர் ஆட்டோ ஹாரனும் எங்கள் வீடு வரை கேட்கும்.

முதல் நாள் நீங்கள் எல்லோரும் வீட்டு ஆள் ஒருவரை நோயாளியாகப் படுக்கவைத்து, போனை உங்கள் கைகளுக்கு நேராக வைத்தீர்கள். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை.

"கை எனக்கு எதுக்கு? அது மெத்துனு தொடுதா, முரட்டுத்தனமா தொடுதான்னு கேமராவுல தெரியுமா? நோயாளி மூஞ்சியைக் காட்டுங்க. அது சொல்லும்."

அன்றிலிருந்து போன் என் முகத்துக்கு நேரே நின்றது. நான் ஒரு கணக்குப் போட்டேன். என் முகத்துக்குத்தான் மார்க் என்றால், சிரித்துக்கொண்டே இருந்தால் மருமகள் தேறிவிடுவாள். பிரஷர் பார்த்தாலும் சிரித்தேன், நகம் வெட்டினாலும் சிரித்தேன். சில வகுப்புகளிலேயே டீச்சர் பிடித்துவிட்டார்.

"ஐயா, கல்யாண ஆல்பத்துக்கா போஸ் குடுக்கிறீங்க?"

"இல்லம்மா, பொண்ணு சூப்பரா பண்ணிகினு கீது. அதான்."

"பொய்யா சிரிக்கிற நோயாளிதான் நர்ஸைக் கெடுக்கிறது. வலிச்சா மூஞ்சியைச் சுளிங்க. இல்லேன்னா கோமதிக்கு மார்க்கைக் குறைச்சிருவேன்."

"இன்னாம்மா இது, சிரிச்சதுக்கு அபராதமா?"

திரையில் இருந்த அத்தனை கட்டங்களிலும் நீங்கள் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

இன்னொரு நாள், பொழுது போகப் பேப்பர் படிப்பீர்களா என்று கேட்டார். படிக்கத் தெரியாது என்று உரக்கவே சொன்னேன். "கோமதி, உன் நோயாளிக்கு ஒரு மருந்து விட்டுப்போச்சு. தினம் ஒரு எழுத்து, சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றார். கட்டிலில் படுத்தால் பீரோ கதவுதான் கண்ணுக்கு நேரே இருக்கும். கோமதி தினமும் ஓர் எழுத்தை எழுதி அதில் ஒட்டினாள். கதவு நிறைந்தபோது நான் பேருந்துப் பலகைகளைப் படிக்க ஆரம்பித்திருந்தேன். பூந்தமல்லி என்று முதலில் படித்த அன்று, போக வேலையில்லாமலே அந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

செய்முறைத் தேர்வில் என்னைப் புரட்டிப் படுக்கவைத்து, எனக்குக் கீழேயே விரிப்பை மாற்ற வேண்டும். டீச்சரோடு, மார்க் போட வெளியிலிருந்து வந்த ஒரு தேர்வாளரும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி என்னைப் புரட்டியதும் இடது தோளில் சுரீர் என்றது. பல்லைக் கடித்துச் சிரித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவளுடைய வேலையே என் முகத்தில்தான் இருந்தது. ஆனாலும் டீச்சர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு முகத்தைச் சுளித்தேன்.

கோமதி அப்படியே நிறுத்திவிட்டாள். "எங்க வலிக்குது மாமா?" என்று கேட்டு, என்னை மெல்ல மல்லாத்தி, தோளுக்குத் தலையணை வைத்து, மறுபக்கமாகப் புரட்டினாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. விரிப்பு பாதியில் கிடந்தது. இந்த வேலை நமக்கில்லை என்று அவள் சமையலறையில் போய் அழுதாள். "கெழவன் மூஞ்சி கெடுத்துச்சே" என்று நான் என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் டீச்சர் போன் செய்தார். "விரிப்பை நாளைக்குக்கூட மாத்திக்கலாம் கோமதி. நிறுத்தத் தெரிஞ்ச கைதான் நர்ஸ் கை. அந்த சாரும் ஒத்துக்கிட்டாரு. நீ பாஸ்."

வேலை கிடைத்ததும் இனிப்பு வாங்கிக்கொண்டு திருவேற்காடு போனோம். கதவைத் திறந்த டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படுத்தே பாத்த ஆளு, நின்னா இவ்ளோ உயரமா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். நேரில் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

செய்தி வந்த அன்று மாலை கோமதி வேலை முடிந்து வந்தாள். ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். செருப்பைக் கழற்றாமலே என் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்குதா மாமா?"

முன்பென்றால் ஒன்றுமில்லை என்று சிரித்திருப்பேன். டீச்சர் கொடுத்ததில் என்னிடம் என்றைக்கும் இருக்கப்போவது, வலியை மறைக்காத இந்த முகம்தான்.

"ஆமாம்மா, வலிக்குது" என்றேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.