மகளோடு மேலே போனது

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் என்றால் பயம் கிடையாது. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, கீழே இருட்டுக் குழியைப் பார்த்தபடியே டீ குடிக்கிற ஆள் அவன். கம்பெனியில் அவனுக்குப் ‘பல்லி’ என்று பெயர். எந்தச் சுவரில் விட்டாலும் ஒட்டிக்கொள்வான் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. அப்படிப்பட்டவன், தலையில் நாலு நரைமுடி எட்டிப்பார்க்கும் வயதுவரை விமானத்தில் காலை வைத்ததில்லை. வாய்ப்பு வந்தபோதெல்லாம் எதையாவது சொல்லி நழுவிவிடுவான். ஏன் என்று கேட்டால், லிஃப்ட்டை இரும்புக் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது, கயிறு போனாலும் பிரேக் பக்கச்சுவரில் ஓடுகிற தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும், விமானத்தை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று திருப்பிக் கேட்பான்.

அவன் மனைவி நர்ஸ். கடல் தாண்டிய ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு ஒரு வருடப் பயிற்சி கிடைத்தபோது மகளுக்கு ஒன்பது மாதம். அங்கே அறை பிடித்து, குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தபின் மகளை வரவழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அதுவரை கீழ்வீட்டில் இருந்த மனைவியின் அக்கா பகலிலும், வேலை முடிந்து வந்தபிறகு அவனும் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். அக்காவே குழந்தையைக் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. கிளம்புகிற வாரம் அவள் மகன் அம்மை வந்து படுத்துவிட்டான்.

அன்று போனில் மனைவி சுற்றி வளைக்கவில்லை. நீங்கதான் கூட்டிட்டு வரணும் என்றாள். கப்பல் ஏதாவது போகிறதா என்று விசாரிக்கட்டுமா என்றான் அவன்.

“ரெண்டு மாசமா அவ முகத்தை போன்லதாங்க பாக்கறேன்.”

அன்றே விமான டிக்கெட் எடுத்தான்.

விஷயம் கம்பெனியில் பரவியது. மேலே போறதும் கீழே வர்றதும்தானே நம்ம பொழப்பு, இதுக்குப் போய் நடுங்கலாமா என்று சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். அக்கா பையில் டயப்பர், மாற்றுத்துணி, பால்புட்டி எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்து, விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுக்க வேண்டும், சப்பிக் குடித்தால் காது அடைக்காது, இறங்கும்போதுதான் ரொம்ப வலிக்கும், அதற்குக் கொஞ்சம் மிச்சம் வை என்று படித்துப் படித்துச் சொன்னாள். வேறெதையோ சொல்ல வந்தவள்போல் வாசலில் நின்றாள். பிறகு, பத்திரமாப் போய்ட்டு வாங்க என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள்.

விமானத்தில் பணிப்பெண் ஒரு குட்டி பெல்ட்டைக் கொண்டுவந்து அவனுடைய பெல்ட்டில் கோத்து, மடியில் இருந்த மகளின் இடுப்பைச் சுற்றி மாட்டினாள். பழக்கதோஷத்தில் அவன் அதை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தான். தையலைத் தடவிப் பார்த்தான்.

“இது எவ்வளவு கனம் தாங்கும்?”

“உங்க பொண்ணைத் தாங்கும் சார்,” என்றாள் பணிப்பெண், முகம் மாறாமல்.

விமானம் ஓடத் தொடங்கியதும் அவன் ஒரு கையால் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டான். தரை விட்டுப்போன அந்த நொடியில் குடல் மட்டும் கீழேயே தங்கிவிட்ட மாதிரி இருந்தது. மகளோ புட்டியைச் சப்பிக்கொண்டு, அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, மகாராணி மாதிரி கிடந்தாள். அவன் நெற்றி வியர்வை அவள் தலைமேல் சொட்டியது. துடைத்துவிட்டான். பக்கத்து இருக்கைக்காரர் கிளம்புவதற்கு முன்பே வாயைப் பிளந்து தூங்கிவிட்டிருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க இவனுக்கு எரிச்சலாக வந்தது.

பாதி வழியில் மேகத்துக்குள் புகுந்ததும் விமானம் குலுங்க ஆரம்பித்தது. மேடு பள்ளத்தில் வண்டி போகிற மாதிரி இல்லை. ஆளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மகள் உதட்டைப் பிதுக்கினாள். அவள் அழுதால் தானும் அழுதுவிடுவோம் என்று அவனுக்குத் தோன்றியது. புட்டியை எடுத்து வாயில் வைத்தான். குலுங்கல் நிற்கும்வரை எடுக்கவே இல்லை. நின்றபோது புட்டி காலி.

அதை அவன் உணர்ந்தது, விமானம் இறங்கத் தொடங்கி, மகள் காதைப் பிடித்துக்கொண்டு வீரிட்டபோதுதான். தண்ணீர் கொடுத்தான், தட்டிவிட்டாள். விரலைக் கொடுத்தான், துப்பினாள். தோளில் போட்டுத் தட்டினான். அழுகை ஏறிக்கொண்டே போய், உச்சத்தில், வாய் திறந்தபடியே சத்தம் மட்டும் நின்றது. அடுத்த மூச்சு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. கண் மேலே செருகியது. விறைத்திருந்த உடம்பு சட்டென்று துவண்டு, ஈரத்துணி மாதிரி அவன் கையில் தொங்கியது.

போய்விட்டாள் என்றே நினைத்தான். பெல்ட்டைப் பிய்க்கிற மாதிரி கழற்றி, சரிந்துகொண்டிருந்த விமானத்தில் குழந்தையோடு எழுந்து நின்றுவிட்டான். உட்காருங்கள் என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். அந்தப் பணிப்பெண் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து வந்து, அவன் தோளை அமுக்கி உட்காரவைத்தாள். தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று குழந்தையின் வாய்க்குள் பார்த்தாள். பிறகு அவன் மடியிலேயே ஒருக்களித்துப் படுக்கவைத்து நெஞ்சைக் கவனித்தாள்.

“ஓங்கி அழுதப்ப மூச்சு நின்னுச்சா?”

தலையை மட்டும் ஆட்டினான். அவள் குழந்தையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தான். அதில் பயம் தெரிகிறதா என்று தேடினான். தெரிந்தது.

ஒரு விக்கல் மாதிரி சத்தம் வந்தது. நெஞ்சு தூக்கிப் போட்டது. மகள் மூச்சை இழுத்து, முனகி, மறுபடி அழத் தொடங்கினாள். பணிப்பெண் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் இருக்கைக் காலையும் இன்னொரு கையால் குழந்தையின் காலையும் பிடித்துக்கொண்டாள். சக்கரம் தரையில் மோதியதை அவன் கவனிக்கவே இல்லை. ஆட்கள் எழுந்து பெட்டிகளை இறக்கும்போதுதான், தரைக்கு வந்துவிட்டோம் என்று உறைத்தது.

விமான நிலைய டாக்டர் நன்றாகப் பரிசோதித்துவிட்டு, சில குழந்தைகள் ஆங்காரமாக அழும்போது இப்படி மூச்சை அடக்கிவிடும், தானாகத் திரும்பிவரும், வளர வளர நின்றுவிடும், இரத்தத்தை மட்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள் என்றார். அவன் காதில் பாதிதான் ஏறியது.

வெளியே மனைவி காத்திருந்தாள். மகள் அவளை உற்றுப் பார்த்துவிட்டு முகத்தை அப்பாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். மனைவி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவன் நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னான். கேட்டு அவள் திகைத்துப் போவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

“முன்னாடியே ஒரு தடவை ஆச்சுங்க. நான் கிளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. டாக்டர்கிட்ட காட்டினேன், பயப்பட ஒண்ணும் இல்லைன்னார்.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க ராப்பகலா அவ மூக்குல விரல் வச்சுப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. உங்களை அப்படி விட்டுட்டு நான் போயிருக்க மாட்டேன்.”

அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாலை முன்னாலேயே தீர்த்து மகளைத் தானே கொன்றுவிட்டதாக அந்த இருக்கையில் அவன் நினைத்தான். அதை அவளிடம் சொல்லிக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதும் தெரிந்தது. அறைக்குப் போய், மகள் தூங்கியபின்தான், “எனக்குப் பயம்னா பயந்துட்டுப் போறேன். தெரியாம இருக்கக் கூடாது,” என்றான். அவள் சரி என்றாள். அழுதாள். மறுநாள் மதியத்துக்குள் மகள் அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்க மறுத்தாள்.

ஒரு வாரம் இருந்துவிட்டு அவன் தனியாகத் திரும்பினான். மடி காலியாக இருந்த அந்தப் பயணத்திலும் நடுங்கிக்கொண்டேதான் வந்தான். அந்தப் பயம் அவனுக்கு இன்றுவரை போகவில்லை. மகளுக்கு மூச்சு நிற்பது பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் தானாக நின்றுபோனது. அதற்கு முன் சில தடவை வந்தது.

திரும்பிய மாதத்தில் ஒரு நாள், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது.

“இப்பதாங்க ஆச்சு. சரியாயிடுச்சு. தூங்கறா.”

டப்பாவை மூடினான். அவ மூச்சு விடுறதை நான் கேக்கணும், போனைப் பக்கத்துல வை என்றான். அவள் வைத்தாள். சாப்பாட்டு நேரம் முடியும்வரை அவன் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.