வாப்பாவின் டிபார்ட்மென்ட்

நான் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க வேண்டும் என்பது வாப்பாவின் ஆசை. எனக்கு அப்போது எந்த ஆசையும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் சுமாரான மார்க். காரைக்காலில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில்தான் இருந்தார்கள், நானும் ஏதாவது ஒரு வழியில் போய்ச் சேர்வேன் என்று இருந்தேன்.

வாப்பா நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே பிழைப்புக்காகச் சபுரு போனவர். துபாயில் கடலைப் பார்த்த ஒரு பெரிய நட்சத்திர ஹோட்டலில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் உம்மா, "ஸ்டூவர்டிங் டிபார்ட்மென்ட்" என்று சொல்வார்கள். அவர்கள் அதைச் சொல்லும் விதத்தில் கேட்பவருக்கு ஒரு மேஜையும் சுழல் நாற்காலியும் கண்ணில் தெரியும். வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. பளிங்குத் தரை, தலைக்கு மேலே கண்ணாடி விளக்குகள், நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட வாப்பா. லீவில் வரும்போது ஹோட்டல் பெயர் அச்சிட்ட சின்னச் சின்ன சோப்புகளும் ஷாம்பு பாட்டில்களும் கொண்டுவருவார். அவர் திரும்பிப் போய்ப் பல மாதம் ஆன பிறகும் எங்கள் குளியலறையில் அந்த ஹோட்டலின் வாசம் அடிக்கும்.

லீவில் இருக்கும் நாட்களில் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். குழாயடிப் பக்கம் போகவே மாட்டார். பெரிய வேலையில் இருக்கிறவர் அப்படித்தான் இருப்பார் என்று உம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. அவருடைய விரல் இடுக்குகள் வெடித்திருக்கும். ராத்திரியில் உம்மா தேங்காயெண்ணெய் தடவிவிடுவார்கள். ஏசியிலேயே இருந்தால் தோல் இப்படி ஆகும் என்று வாப்பா சொன்னதை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

"நீ படிச்சு முடி. எங்க ஹோட்டல்லயே ஆபீசர் வேலைக்கு எடுத்துக்குவாங்க," என்றார். திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். கறுப்புக் கோட்டு, டை, பளபளக்கும் ஷூ. சேர்ந்த அன்றே கோட்டோடு எடுத்த படத்தை அவருக்கு அனுப்பினேன். அதை ஹோட்டலில் எல்லோருக்கும் காட்டினதாகச் சொன்னார்.

படிப்பு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நாப்கினை அன்னம் போல மடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். விருந்தாளிக்கு எந்தப் பக்கமாக நின்று பரிமாற வேண்டும், எந்த ஒயினுக்கு எந்தக் கிளாஸ் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒயின் பாடத்துக்குத் திராட்சை ஜூஸ் ஊற்றித்தான் பழகினோம், அதனால் மார்க்கம் தடுக்கிறதே என்கிற சங்கடம் எதுவும் எனக்கு அப்போது வரவில்லை. பிரெஞ்சும் உண்டு. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பிள்ளைகள் பாரிஸ் போவதற்காக அந்த மொழியைப் படித்தார்கள். நாங்கள் சாஸ்களின் பெயரைத் தப்பில்லாமல் சொல்வதற்காகப் படித்தோம்.

முதல் வருடத்திலேயே ஒரு நாள் ஹோட்டலின் நிர்வாக அமைப்பைப் பற்றி வகுப்பு. ஆசிரியர் போர்டில் மேலே ஜெனரல் மேனேஜர் என்று ஒரு கட்டம் போட்டார். அதிலிருந்து கிளை பிரித்துக்கொண்டே கீழே வந்தார். கடைசியில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, "கிச்சன் ஸ்டூவர்டிங்" என்று எழுதினார்.

"இது பாத்திரம் கழுவுற டிபார்ட்மென்ட். குப்பை எடுக்கிறது, தரை தேய்க்கிறது எல்லாம் இதுலதான் வரும். படிப்புத் தேவையில்லை. பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வியா வரலாம், எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவன் வழக்கம் போல என்னைப் பார்த்துக் காப்பியடித்தான். எனக்கு முதலில் வந்தது வெட்கம். ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு கோபம் வந்தது. பாத்திரம் கழுவினார் என்பதற்காக அந்தக் கோபம் இல்லை. அது என்ன இடம் என்று தெரிந்தும் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே என்னையும் அனுப்புகிறாரே என்பதுதான். அன்று சாயங்காலம் வாப்பா போனில் பேசும்போது படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டார். நல்லா போகுதுங்க வாப்பா என்றேன். அவரிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. உம்மாவிடமும் சொல்லவில்லை. உம்மாவுக்கு முன்பே தெரியுமோ என்கிற சந்தேகம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

இரண்டாம் வருடம் பயிற்சிக்காக சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். எல்லா டிபார்ட்மென்ட்டிலும் மாற்றி மாற்றிப் போடுவார்கள் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். கல்யாண முகூர்த்தக் காலம் அது. ஆள் பற்றாக்குறை. பயிற்சிக்கு வந்த பையன்களைப் பிடித்து முதலில் பாத்திரம் கழுவும் இடத்தில் நிறுத்தினார்கள். ரிசப்ஷன் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அந்த இடத்தின் மூடியில்லாத சாக்கடை வரை தெரிந்துவிட்டது. மெஷினைத் திறக்கும்போது ஆவி முகத்தில் அடிக்கும். மெஷினுக்குள் நுழையாத அண்டாக்களைக் கையால் தேய்க்க வேண்டும். சாப்பிடாமலே விட்ட பிரியாணியை வழித்துத் தொட்டியில் கொட்டும்போது முதல் வாரம் மனசு பதறியது. பிறகு பதறவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற மருந்து கையில் பட்டால் எரியும். கொடுத்த கையுறை மணிக்கட்டோடு நின்றுவிடும், தண்ணீர் உள்ளே புகுந்து தங்கிவிடும். கொஞ்ச நாளில் என் விரல் இடுக்குகளும் வெடிக்க ஆரம்பித்தன.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாப்பாவுக்கு போன் செய்தேன். அதற்கு முன் பகல் நேரத்தில் அவரை அழைத்ததே இல்லை.

"என்னை ஸ்டூவர்டிங்ல போட்டிருக்காங்க வாப்பா," என்றேன்.

அவருக்குப் பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. இத்தனை வருடமும் அவர் பேசும்போது அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதில்லை. எங்கேயோ ஒதுங்கி நின்றுதான் எங்களிடம் பேசியிருக்கிறார்.

"முழங்கை வரைக்கும் வர்ற கிளவுஸா கேட்டு வாங்கு தம்பி," என்றார். "குடுக்க மாட்டாங்க. விடாம கேளு. வேலை முடிஞ்சதும் கையை நல்லா துடைச்சுட்டு எண்ணெய் வச்சுக்க."

சரிங்க வாப்பா என்றேன். அவர் எதையும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்குள் அந்த விஷயம் அதோடு முடிந்தது.

நான் கடைசி வருடம் படிக்கும்போது அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கைகளில் புண் ஆறாமல் போய், தட்டு தொடுகிற வேலைக்கு ஆகாது என்று கம்பெனி டாக்டர் எழுதிவிட்டார். வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டதற்கு, படிப்பில்லையே என்றார்களாம். ஊருக்கு வந்தவர், வயசாகிவிட்டது, போதும் என்று நானே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னார். நானும் ஆமாம் என்று நின்றேன்.

பட்டம் வாங்கும் முன் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்தார்கள். வளைகுடாவில் ஒரு ஹோட்டலுக்கு. குடும்பத்தில் யாராவது இந்தத் தொழிலில் இருக்கிறார்களா என்று கேட்டார் வந்தவர். வாப்பா ஸ்டூவர்டிங்கில் இருந்தார் என்று சொன்னேன். அதை வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் மலர்ந்தது. ரொம்ப நல்லது, உங்களுக்கு அந்த வேலையின் கஷ்டம் தெரியும், ஸ்டூவர்டிங்கில் இடம் இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்ததும் வேறு டிபார்ட்மென்ட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்றார். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்த வேலைக்குப் படிப்புத் தேவையில்லை என்று வகுப்பில் சொன்ன ஆசிரியர்தான் என் பெயரைச் சிபாரிசு செய்திருந்தார்.

வீட்டில் சொன்னதும் வாப்பா ஒரே வார்த்தையில் போகாதே என்றார். "அதுக்குள்ள போனவன் வேற டிபார்ட்மென்ட்டுக்கு மாறி நான் பாத்ததே இல்ல."

ஊரிலேயே வேலை தேடினேன். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி சமயத்தில் லாட்ஜுகள் நிரம்பி வழியும். ஆனால் சாவி கொடுக்கவும் வாளி எடுத்து வைக்கவும் ஆள் போதும் அவர்களுக்கு. என் சான்றிதழைப் பார்த்த ஒருவர், தம்பி இங்கெல்லாம் இருக்க மாட்டீங்க என்று மரியாதையாக அனுப்பிவைத்தார். எங்கள் ஊரில் இந்தப் படிப்புக்கு உண்மையிலேயே வேலை கொடுக்கிற இடம் ஒன்றுதான், சாராயம் விற்கிற இடம். பூவத்தில் எல்லையை ஒட்டி ஒரு பார், மேலே ஏசி ரெஸ்டாரண்ட். அந்தப் பக்கம் தமிழ்நாடு. விலை குறைச்சல் என்று அங்கிருந்து பைக்கில் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். முதலாளிக்கு என் பட்டம் பிடித்திருந்தது. அதை ஜெராக்ஸ் எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். ரெஸ்டாரண்ட் மேனேஜர் என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்தார்.

வீட்டில் ரெஸ்டாரண்ட் என்று மட்டும் சொன்னேன். எங்கள் குடும்பத்துக்கு அது பழகின முறைதான்.

எந்தக் கிளாஸில் எதை ஊற்ற வேண்டும் என்று நான் படித்தது எதுவும் அங்கே தேவைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கிளாஸ். ஊற்றினேன். தரையில் வாந்தி எடுத்தவர்களைத் தூக்கி வெளியே உட்காரவைத்தேன். வரிச்சிக்குடியில் வயல் வேலைக்குப் போகும் ஒரு ஆள், என் கூட இங்கிலீஷில் பேசு, நீ படிச்சவன்தானே என்று தினமும் கையைப் பிடித்துக்கொள்வார். அவரைப் பார்த்து நான் சிரிக்க வேண்டும். சிரிப்பதற்கும் கல்லூரியில் ஒரு பாடம் இருந்தது.

ஜும்மா தொழுதுவிட்டு வந்த ஒரு நாள் வாப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பள்ளிவாசலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உம்மா அடுப்படிக் கதவருகில் நின்றார்கள்.

"பார்லயா வேலை பாக்குறே?" என்று கேட்டார்.

"ஆமாங்க வாப்பா."

"ஹராம்னு தெரியாதா உனக்கு?"

அன்று எனக்கு என்ன ஆனதோ, இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்தது வந்துவிட்டது. "நீங்க கழுவுன கிளாஸ்ல என்ன வாப்பா இருந்திச்சு?"

உம்மா என் பெயரைச் சொல்லி அதட்டினார்கள். வாப்பா அவர்களைக் கையமர்த்தினார். வெடிப்புகள் தழும்பாகிப்போன கை. கோபப்படவில்லை.

"நான் கழுவுனேன்," என்றார். "நீ ஊத்துறே."

எழுந்து போய்விட்டார்.

மறுநாளிலிருந்து என் சம்பளத்தில் வாங்கிய எதையும் அவர் தொடவில்லை. மாடியை வாடகைக்கு விட்டிருந்தோம். அதில் வருவதில் மட்டும் தனக்குச் சமைக்கச் சொன்னார். ஒரே அடுப்பில் உம்மா இரண்டு உலை வைத்தார்கள், ஒன்று வாப்பாவுக்கு, ஒன்று எனக்கு. இரண்டையும் கலந்துவிடாமல் இருக்கத் தனித் தனி அகப்பை. அதில் உம்மா எந்த உலையிலிருந்து சாப்பிட்டார்கள் என்று நான் பார்த்ததில்லை. நோன்பு மாதத்தில் வாப்பா பள்ளிவாசல் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். நான் வேலையை விடவில்லை. விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை.

அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பிறகு மாமா மகன் ஒருத்தர் மூலமாக எனக்கு துபாயில் வேலை வந்தது. நட்சத்திர ஹோட்டல், ரெஸ்டாரண்ட்டில் பரிமாறும் வேலை. திருச்சி விமான நிலையத்துக்கு வாப்பாவே வழியனுப்ப வந்தார். வழியில் ஹோட்டலின் பெயரைக் கேட்டார், எந்தப் பக்கம் என்று கேட்டார், கடல் தெரியுமா என்று கேட்டார். அங்கே நான் என்ன ஊற்றப்போகிறேன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியாததா?

இங்கே ஒவ்வொரு ராத்திரியும் ஒயின் ஊற்றுகிறேன், கல்லூரியில் சொன்ன மாதிரியே வலது பக்கம் நின்று, பாட்டிலின் பெயர் விருந்தாளிக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு. பூவத்தில் ஊற்றினதைவிட அதிகமாகத்தான் ஊற்றுகிறேன். நான் அனுப்புவதில்தான் இப்போது வீடு நடக்கிறது, வாப்பா சாப்பிடுகிறார். என்ன செய்கிறான் மகன் என்று பள்ளிவாசலில் கேட்பவர்களிடம் எஃப் அண்ட் பி டிபார்ட்மென்ட் என்று சொல்கிறாராம். சாப்பாடும் பானமும் என்பதைத்தான் ஹோட்டலில் அப்படிச் சுருக்கிச் சொல்வது. உம்மா போனில் சந்தோஷமாகச் சொன்னார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றியது, சிரிக்கவில்லை.

போன வாரம் வாப்பா வீடியோவில் வந்து, நீ வேலை பார்க்கிற இடத்தைக் காட்டு என்றார். இன்னும் ஆள் வராத நேரம். போனைத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினேன், வெள்ளை விரிப்பு போட்ட மேஜைகள், பூ ஜாடிகள், ஜன்னல் வழியே கடல். இடது பக்கம் சுவர் முழுக்க பாட்டில்கள் அடுக்கியிருக்கும். அந்தப் பக்கம் போன் திரும்பாமல் கையை நிறுத்தினேன்.

"போதும் தம்பி," என்றார். "மேஜையெல்லாம் நல்லா இருக்கு. நீ வேலையைப் பாரு."

சரிங்க வாப்பா என்று வைத்துவிட்டு, கிளாஸ்களைத் துடைத்து வைக்கப் போனேன்.