தொமித்திலாவும் வக்கீல் துசாவும்

தொமித்திலாவுக்குக் கன்னம் இரண்டும் உப்பலாக இருக்கும். அதனால் சின்ன வயதிலிருந்தே ஊரார் அவளைத் துசா என்றுதான் கூப்பிட்டார்கள். துசா என்பது மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் எலி மாதிரியான பிராணி. வேரையும் கிழங்கையும் கடித்துக் கன்னத்துப் பைகளில் அடைத்துக்கொண்டு போகும். அப்படி ஒரு துசாதான் அவள் குடியைக் கெடுக்க வந்தது.

த்லாஸ்கலா மலைச்சரிவில் அவளுக்கிருந்தது ஒரு துண்டு ஆனைக்கற்றாழைத் தோட்டம். பதநீர் இறக்கிக் கள்ளாக்கி விற்றுத்தான், கணவன் போன பிறகு காலம் தள்ளினாள். வேரைத் தின்று தின்று அந்தத் துசா கற்றாழைகளைச் சாய்த்துக்கொண்டே வந்தது. சுரக்கும் பருவத்துக்கு வந்த கற்றாழையில் மிஞ்சியது ஒரே வரிசை. அதுவும் போனால் புவெப்லா நகரத்தில் நாத்தனார் வீட்டில் பாத்திரம் துலக்க வேண்டியதுதான்.

ஊரில் துசா பிடிப்பவர் தோன் பிதென்சியோ, பிடித்ததற்குச் சாட்சியாக வாலைக் காட்டிக் கூலி வாங்குவார். வளை திறந்து கிடந்தால் துசாவுக்குப் பொறுக்காது, அடைக்க ஓடிவரும். அவரும் வளையைத் திறந்து பொறி வைத்தார். இது பொறியையே மண்ணால் மூடிவிட்டுப் போனது. எதிலும் மாட்டாததால் ஊர் அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்தது.

கடைசியில் தொமித்திலாவே இறங்கினாள். வளையைத் திறந்துவிட்டு, ஓங்கிய மண்வெட்டியோடு வெறுங்காலில் அசையாமல் நின்றாள். வக்கீல் வரவில்லை. வந்த காலடி திரும்பிப் போகாதது மண்ணுக்கடியில் அதற்குத் தெரிந்துவிடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அந்த நேரம் பார்த்து பூட்ஸ் அதிர வந்து சேர்ந்தார் தோன் பிதென்சியோ.

"என்னம்மா துசா, உன் சொந்தக்காரன் இன்னும் எட்டிப் பாக்கலியா?"

"உங்களப் பாத்து வெக்கப்படுது போல."

"பொம்பள தோண்டின வளைக்கு எதுவும் வராது. நிலத்த எங்கிட்ட குத்தகைக்கு விட்டுட்டுப் பஸ் ஏறு."

சுருக்கென்றது அவளுக்கு. ஆனால் அவள் கண் அவருடைய பூட்ஸ் மேல் இருந்தது.

"நீங்க புடிச்சதா காட்டுற வாலெல்லாம் எலிவாலாமே, நெசமா?"

"எவன் சொன்னது?"

"உங்க வீட்டம்மாதான். சந்தையில வெச்சு."

தோன் பிதென்சியோ மண் அதிர அதிர மிதித்துக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போனார். காலடி தேய்ந்து அடங்கியது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், தோட்டம் காலி என்று நம்பி வக்கீல் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது. முதலில் ஈர மண், பிறகு மஞ்சள் பல். மண்வெட்டி ஒரே போடாக இறங்கியது.

வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுத்தெரு வழியாகவே நடந்தாள். தோன் பிதென்சியோ வீட்டில் சண்டை உச்சத்தில் இருந்தது.

"வீட்டம்மா பாவம், ஒண்ணும் சொல்லல. நாந்தான் கதை கட்டிவிட்டேன்," என்றாள் வாசலில் நின்று. "நீங்க நடந்தீங்க, இது வந்துச்சு. இதப் போட்டு மொளகாச் சாறு வெக்கிறேன், ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."

வீட்டம்மா சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது.

அந்த வரிசை பிழைத்தது. அந்த வருஷம் பதநீர் குடம் குடமாகச் சுரந்தது. அதன்பின் எந்தத் தோட்டத்தில் துசா புகுந்தாலும் அவளைக் கூப்பிடத்தான் ஆள் வந்தது. அவளும் போவாள், ஒரே நிபந்தனையோடு: தோன் பிதென்சியோ பூட்ஸ் மாட்டிக்கொண்டு கூட வர வேண்டும், அவள் சொல்லும்போது திரும்பி நடக்க வேண்டும். அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.