பழைய பந்தோடு வந்த கடிதம்

ஒரு பொய்யைச் சொல்லித்தான் அந்த அணியை நான் ஆட வைத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. சென்னையில் ஒரு வருடம் உடற்கல்வி படித்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு டிரில் மாஸ்டராகப் போயிருந்தேன். எனக்கு வயது இருபத்தாறு. பாஸ்கட் பால் என்று ஒரு விளையாட்டு இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு தேக்குக் கம்பங்களை நட்டு, பலகை அடித்து, கொல்லுப்பட்டறையில் சொல்லி இரும்பு வளையம் செய்து மாட்டினேன். பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புகளான ஐந்தாம் பாரத்திலிருந்தும் ஆறாம் பாரத்திலிருந்தும் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் வெறுங்கால். தலைவனாக நான் வைத்தது கோம்பையிலிருந்து தினமும் நடந்து வரும் ஒருவனை. நெட்டையானவன், அதிகம் பேசமாட்டான். தாமதமாகப் பள்ளியில் சேர்ந்ததால் அப்போதே அவனுக்குப் பத்தொன்பது வயது ஆகியிருந்தது.

ஆறு மாதத்தில் எங்கள் ஒரே பந்து கிழிந்துபோனது. ரப்பர் கிடைக்காத நேரம். என்னோடு சென்னையில் படித்த நண்பர் ஒருவர் மதுரையில் ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதினேன். தம்முடைய இரண்டாம் அணியை தேனியை ஒட்டிய அல்லிநகரத்துக்குக் கூட்டிவந்து எங்களோடு ஓர் ஆட்டம் ஆடுவதாகவும், பந்தைத் தனியாக அனுப்பி வைப்பதாகவும் பதில் போட்டார்.

கல்லூரிக்காரர்களோடு ஆட்டம் என்றதும் பையன்கள் சோர்ந்துவிட்டார்கள். பயிற்சிக்குப் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் ஒட்டுப்போட்டு வைத்திருந்த கிழிந்த பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"அவுக சூ போட்டு ஆடுறவுக சார்," என்றான் கோம்பைக்காரன். "தேனி வரைக்கும் போயி எதுக்கு அசிங்கப்படணும்?"

பந்து வந்த அன்று எட்டுப் பேரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். பந்தோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இருந்தது. 'பழைய பந்துதான், மன்னிக்கவும். என்னால் கொடுக்க முடிந்தது இது ஒன்றுதான். உன் பையன்களைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். அதைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, பையன்களைப் பார்த்து நான் தமிழில் வாசித்தேன்:

"காட்டுப் பக்கத்துப் பையன்களுக்கு இந்தப் பழைய பந்தே போதும்."

முன்கூட்டி யோசித்து வைத்ததல்ல. தொங்கிக் கிடந்த எட்டுத் தலைகளைப் பார்த்ததும் வாயில் வந்தது. சென்னையில் என் ஆசிரியர்களில் ஒருவர் இப்படித்தான் எங்களைச் சீண்டி ஆட வைப்பார். அது நினைவில் இருந்திருக்கலாம்.

கோம்பைக்காரன் எழுந்து வந்து பந்தை எடுத்தான். "இன்னொருக்க வாசிங்க சார்," என்றான். வாசித்தேன். இரண்டாம் முறை வாசிக்கும்போது என் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து எட்டுப் பேரும் எனக்கு முன்னாலேயே மைதானத்தில் இருந்தார்கள். உள்ளங்கால் வெடித்து ரத்தம் வந்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் களைத்து நின்றால் இன்னொருவன், "ஏலே, பழைய பந்தே போதுமாம்ல," என்பான். நின்றவன் மறுபடி ஓடுவான். அந்த வாக்கியம் என் கையை விட்டுப் போய்விட்டது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று விசிலை எடுப்பேன். அவர்கள் ஓடும் வேகத்தைப் பார்ப்பேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விசிலை ஊதிவிடுவேன்.

ஆட்டத்தன்று, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் தேனிக்குப் போனோம். பின்னால் கரியடுப்பு புகைய, அது ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. நான் நடுவில், இருபுறமும் பையன்கள். இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. எங்கே ஓடுவது?

பாதி ஆட்டத்தில் நாங்கள் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். நான் ஏதாவது சொல்வேன் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தங்களுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கடைசியில் இரண்டு புள்ளியில் ஜெயித்தோம். சந்தைக்கு வந்து சுற்றி நின்ற கூட்டம் துண்டை வீசிக் கூத்தாடியது.

நண்பர் சிரித்துக்கொண்டே மைதானத்துக்குள் வந்து கோம்பைக்காரனிடம் கையை நீட்டினார். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"காட்டுப் பக்கத்துப் பையங்களுக்குப் பழைய பந்தே போதும்னு எழுதுனீகள்ல?" என்றான்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது, தலை நிமிராமலேயே எனக்குத் தெரிந்தது.

"ஆமா தம்பி," என்றார். "நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. தப்புதான்."

நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த நெட்டைப் பையன் பாஸ் செய்ததும் இண்டர்மீடியட்டுக்கு அனுப்பு, கல்லூரிக் கட்டணத்தில் சலுகையும் விடுதியில் இடமும் வாங்கித் தருகிறேன் என்று எழுதியிருந்தார். நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு வரி திட்டியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும்.

பரீட்சை முடிவு வந்தது. பையன் தேறியிருந்தான். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த ஆளு காலேஜுக்கா? மம்பட்டி பிடிச்சாலும் பிடிப்பேன், அங்கன போக மாட்டேன் சார்."

படிப்பின் பெருமையைச் சொன்னேன். அவர் நல்லவர் என்றேன். "எங்களுக்காக நீங்க ஏன் சார் அவருகிட்டத் தாழ்ந்து போறீக?" என்று என்னைத் தேற்றினான். நான் அடித்த ஆணியை என்னாலேயே பிடுங்க முடியவில்லை.

கல்லூரியில் சேரக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் இருந்தபோது கோம்பைக்குப் போனேன். அவனுடைய அப்பா நாயைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்தார். "வாங்க வாத்தியாரய்யா. அவன் தோட்டத்துல நிக்கான். இனிமே இங்கனதான் இருப்பான்," என்றார். அவருக்கு அது சந்தோஷம்.

கிணற்று மேட்டில் வைத்து, பந்தோடு வந்த அந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தான். பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தான்.

"இதுல அப்படி இல்லையே சார்."

"இல்ல. நான்தான் சொன்னேன்."

"அப்ப அவுக ஏன் ஆமான்னு சொன்னாக?"

"என்னைக் காப்பாத்த."

கிட்டே வந்து, கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"மத்த ஏழு பேருக்கும் இது தெரிய வேணாம் சார்," என்றான். "அவங்க ஜெயிச்சதுன்னு ஒண்ணு அதுதான் இருக்கு."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த நாள் அவன் மதுரைக்குப் போனான். மற்ற ஏழு பேரும் அவனைத் துரோகி என்றார்கள். சூ போட்டு ஆட ஆசைப்பட்டு அந்த ஆளின் காலிலேயே போய் விழுந்துவிட்டான் என்று என்னிடமே வந்து சொன்னார்கள். விடுமுறைக்கு அவன் ஊருக்கு வந்தபோது ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்குக் கொடுத்த வாக்கு என் வாயைக் கட்டியிருந்தது. வாக்கு இல்லாதிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது.

மறு வருடம், நேரில் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று மதுரைக்குப் போனேன். கல்லூரி மைதானத்தில் ஏதோ ஆட்டம் தொடங்க இருந்தது. நண்பர் என்னைக் கண்டதும் தோளில் கை போட்டார். நான் வாயெடுப்பதற்குள், "உன் பையன் நல்லாப் படிக்கிறான்ப்பா. ஆட மட்டும் வரமாட்டேங்கிறான். நானும் கூப்பிட்டுப் பார்த்துட்டேன்," என்றார்.

"நான் ஒரு விஷயம் பேசணும்..."

"அதெல்லாம் எதுக்கு? நடுவர் வரலை. நீ ஊது."

கையில் விசிலைத் திணித்துவிட்டுத் தம் அணியிடம் போய்விட்டார். மைதானத்தின் அந்தப் பக்கம், மாணவர் கூட்டத்துக்கு நடுவே கோம்பைக்காரன் உட்கார்ந்திருந்தான். மடியில் புத்தகம் இருந்தது. என்னைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் சொன்னான். உடனே உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துகொண்டான்.

இரண்டு அணியின் பத்துப் பேரும் நடு வட்டத்தைச் சுற்றி வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பந்தை மேலே எறிந்தேன்.