வெள்ளைச் சேலையில் விழுந்த மயில்கழுத்து

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நகரியில் பஸ் ஏறினேன். திருப்பதிக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். டிக்கெட் மூன்று ரூபாய். மடியில் திரும்பி வந்த பன்னிரண்டு சேலைகள், எல்லாம் மயில்கழுத்து நிறம். நூலுக்குச் சாயம் போட்டவன் நான், நெய்தவள் என் தங்கை வள்ளி. நிறம் தவறு, இனி இந்தச் சாயக்காரன் வேண்டாம் என்று திருப்பதிக் கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

புத்தூரில் ஏறிய அம்மாள், "விக்கப் போறியா?" என்றார்.

"சண்டைக்குப் போய்க்கினு கீறேன்."

அவர் எழுந்து முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்.

ஒன்பதரைக்குக் கடை திறந்தது. உள்ளே வெள்ளைச் சேலை கட்டிய பொம்மை, எதிரே ஒரு சிலைடு புரொஜெக்டர். அதில் நிறக் கண்ணாடிச் சில்லை மாற்றினால் அதே சேலை அரக்காகும், வாடாமல்லியாகும். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள். மயில்கழுத்துச் சில்லு நான் கொடுத்த மாதிரி நூலைப் பார்த்துச் செய்தது. போடச் சொன்னேன். விழுந்ததோ வெளுத்த பாசி நிறம். பொம்மைக்கு நேர் மேலே மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"பல்பை அணைங்க."

"கடை இருட்டானா கஸ்டமர் வருவாங்களா? உன் சாயந்தான் தப்பு," என்றார் கடைக்காரர்.

நானே சுவிட்சைத் தட்டிக் கதவைச் சாத்தினேன். என் நூலின் நிறம் அப்படியே பொம்மைமேல் நின்றது. அவர் பார்த்தார். பார்த்துவிட்டுப் பல்பைப் போட்டார். "சித்தூர் சர்ச்சு டீச்சரம்மா திருப்பினாங்க. அவங்களைக் கேளு, போ."

சேலைகளை அள்ளிக்கொண்டேன். எதையும் உடைக்காமல் வெளியே வந்தேன்.

சித்தூர் எழுபது கிலோமீட்டர். பன்னிரண்டரைக்கு டீச்சர் வீட்டைக் கண்டுபிடித்தேன். பெயர் எஸ்தர், சர்ச்சில் பாடும் பன்னிரண்டு பெண்களுக்காக ஆர்டர் கொடுத்தவர். வாசல் வெயிலில் ஒரு சேலையைப் பிரித்தேன்.

"நல்லாத்தான் கீது. ஆனா நாங்க பாத்தது பாசிக் கலராச்சே?"

பல்பைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "உங்களுக்குச் சாயம் போடவே தெரியலன்னு எல்லார் எதிர்லயும் நான்தான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல தப்புன்னு சொல்லிடறேன்."

"சர்ச்சுல வேணாம்மா. அந்தக் கடையில வந்து சொல்லுங்க."

சேலையை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு உள்ளே போய்க் குடையோடு வந்து கதவைப் பூட்டினார்.

இரண்டு மணி பஸ். ஜன்னலுக்கு வெளியே சித்தூர் பின்னால் நகர்ந்தது. காலையிலிருந்து தனியாகச் சுமந்த கோபத்துக்கு இப்போது துணை இருந்தது. திருப்பதிக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன்.