அக்கா ஏந்திய தட்டம்

எங்கள் அக்கா பிறந்தது எங்கள் தீவில், இறுப்பிட்டியில். சண்டையால் இடம்பெயர்ந்து உறவினர் வீட்டு விறாந்தையில் வளர்ந்து, சமாதான காலத்தில் ஒரு தையல் மெசினோடு ஊர் திரும்பினார். மனதில் பட்டதைச் சொல்லாமல் அவரால் இருக்க ஏலாது. இந்த நினைவு மலரை வாசிக்கும் நீங்கள் எல்லோருமே அவரிடம் ஒரு நாளாவது பேச்சு வாங்கியவர்கள்தானே!

பக்கத்து வீட்டு மாமியின் மகள் பெரியவளானதும் மாதத்தில் சில நாட்கள் பள்ளிக்கூடம் போவதை விட்டாள். கடையில் பாட் வாங்க வசதியில்லை. பழந்துணியைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துக் காயவைத்ததால் ஈரம் போகாமல் புண் வந்தது. பெரியவளானதுக்குச் செய்யும் சாமத்தியச் சடங்கு முடிய அவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்துவது என்று மாமி முடிவெடுத்திருந்தார். அதைக் கேட்ட அன்றே அக்கா நூல் சேலைகளை வெட்டி மடித்துத் தைக்கத் தொடங்கினார்.

சடங்கன்று பழத் தட்டம், பூத் தட்டம், பலகாரத் தட்டம் என்று பெண்கள் வரிசையாக வந்தார்கள். கடைசியில் அக்கா.

"என்ன பிள்ளை, கொழுக்கட்டையோ?" என்று மாமி எட்டிப் பார்த்தார்.

"இல்லை மாமி, உங்கட மகளுக்கு மாதத் துணி. தோய்ச்சு வெயிலில காயப்போடுங்கோ. பள்ளிக்கூடம் போகட்டும்."

"ஐயோ! ஆம்பிளையள் நிக்கிற இடத்தில வெக்கமில்லையோ உமக்கு?"

"பந்தல் போட்டு ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கள்தானே மாமி. அப்ப வராத வெக்கம் இப்ப ஏன்?"

வீடியோ எடுத்த அண்ணை விளக்கையே அணைத்துவிட்டார். பந்தலின் பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சிரித்தார். மாமி தட்டத்தைப் பறித்து உள்ளே வைத்தார். பிறகு பல மாதம் அக்காவோடு கதைக்கவில்லை. ஆனால் மகள் ஒரு நாளும் பள்ளிக்கூடம் தவறவில்லை!

அதன்பின் ஊர்த் தாய்மார் பழைய சேலைகளோடு எங்கள் பின்வளவால் வருவார்கள். "களவெடுத்த சாமானே? முன் படலையால வாங்கோ!" என்பார் அக்கா. எங்கள் முற்றத்துக் கொடியில் அந்தத் துணிகள் நல்ல வெயிலில் காய்ந்தன.

அக்கா நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமியின் மகள் பக்கத்தில் இருந்தாள். அக்கா கேட்டார்: "பள்ளிக்கூடச் சோதினை எல்லாத்துக்கும் போனனியோ?"

"ஓம் அக்கா. ஒண்டும் விடேல்லை."

அக்காவை வாகனத்தில் ஏற்றிப் பாலம் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்ணைக்கும், இரவு பகலாக உடனிருந்தவர்களுக்கும், அக்கா போன பிறகு அவர் பாதியில் விட்ட துணிகளைத் தைத்து முடித்த பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

போன மாதம் அடுத்த ஒழுங்கையில் ஒரு சாமத்திய வீடு. அக்காவை இழந்த துடக்கு வருடமானதால் நானும் அம்மாவும் போகவில்லை. படலையில் நின்று பார்த்தோம். தட்டங்கள் வரிசையாகப் போயின. எல்லாவற்றுக்கும் முன்னால், மூடாமல், மாதத் துணியோடு அக்காவின் தட்டம். ஏந்திப் போனவர் மாமி.